மலையில் ஒரே நாளில் 118 கி.மீ., சுமையோடு. முடியுமா?

வளைவுகள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சமவெளியில் பை, கூடாரம் எல்லாம் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு 120, 130 கி.மீ. என்பது அங்கே எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. இப்போது முதல் தடவையாக மலை வழியாக ஒரு நீண்ட பயணம் திட்டமிடுகிறேன், அதில் ஒரு நாள் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மொத்தம் 118 கி.மீ., நடுவில் இரண்டு கணவாய். முதல் 20 கி.மீ. பள்ளத்தாக்கோடு கிட்டத்தட்ட சமமான பாதை. அப்புறம் 18 கி.மீ. தூரத்தில் 1100 மீட்டர் ஏற்றம், 20 கி.மீ. இறக்கம். திரும்ப 22 கி.மீ. தூரத்தில் 1300 மீட்டர் ஏற்றம், 20 கி.மீ. இறக்கம். கடைசி 18 கி.மீ. இன்னொரு பள்ளத்தாக்கில் ஆற்றோடு கீழே போகிறது.

நான் 75 கிலோ, சைக்கிள் 15, தண்ணீரோடு சுமை 20. கியர், முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரம் (50/34), பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியா?

கணவாய்க்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 118ஐத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். மலையில் அந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. 2400 என்ற எண்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கப் போகிறது, அதுதான் மொத்த ஏற்றம்.

நீங்கள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 110 கிலோ. பயிற்சி உள்ள, ஆனால் பந்தய வீரர் இல்லாத ஒருவர் நாள் முழுக்க, மறுநாளும் ஓட்டுகிற மாதிரி, சுமார் 150 வாட் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். 110 கிலோவை ஒரு மீட்டர் மேலே தூக்க ஏறத்தாழ 1080 ஜூல் வேண்டும். அப்படியானால் 150 வாட்டில் மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறலாம். டயர் உருளும்போது வருகிற தடை, சங்கிலி உராய்வு எல்லாம் போக 450 என்று வையுங்கள். 2400 மீட்டருக்கு 5 மணி 20 நிமிடம். இது வெறும் ஏற்றத்துக்கு மட்டும், நிற்காமல். இறக்கம் இரண்டும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், மிச்ச சமபாதை இரண்டே கால் மணி. ஆக மிதிக்கிற நேரம் மட்டுமே 9 மணி. சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, மேல்சட்டை போடுவது கழற்றுவது, கொஞ்சம் நின்று பார்ப்பது (அதற்குத்தானே போகிறோம்) என்று இரண்டரை மணி நேரமாவது சேரும். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

சரி, சாயங்காலம் ஆனால் என்ன என்று கேட்கலாம். இரண்டாவது கணவாயின் உச்சியில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று பாருங்கள். முதல் கணவாய் பத்தேகால், கீழே இறங்க பதினொன்று, சாப்பிட்டு எழுந்தால் பன்னிரண்டு. அங்கிருந்து 1300 மீட்டர், களைத்த காலோடு, உச்சி வெயிலில். மூன்றரை, நான்கு மணிக்குத்தான் மேலே போவீர்கள். கோடையில் மலைகளில் இடிமழை பிடிக்கிற நேரமே அதுதான். காலையிலிருந்து வெயில் சரிவுகளைச் சூடாக்க, சூடான காற்று மேலே ஏற, மதியம் தாண்டி மேகம் கட்டி, பிற்பகலில் கொட்டும். மரம்கூட இல்லாத ஒரு கணவாயின் தலையில் இரும்புச் சைக்கிளோடு நிற்க வேண்டிய நேரம் அது இல்லை.

ஆகவே என் கேள்வி, இரண்டு கணவாயும் ஒரே நாளில்தான் வேண்டுமா? முதல் கணவாய் இறங்கி, இரண்டாவதன் அடிவாரத்தில் தங்கிவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் புதிய காலோடு ஏறி, பத்து மணிக்குள் உச்சியைத் தாண்டிவிடலாம்.

இரவுவிளக்கு எழுதியது:

அண்ணன் சொல்கிற கணக்கு சரி, முடிவோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மணிக்கு 450 மீட்டர் என்பது இருபது கிலோ கட்டிக்கொண்டு போகிறவருக்கு. சுமையை எட்டு, ஒன்பது கிலோவாகக் குறைத்து, விடிகாலை மூன்றரைக்கு நல்ல விளக்கோடு கிளம்புங்கள், ஒரு மணிக்கெல்லாம் இரண்டாவது உச்சி. பிரெவே ஓட்டங்களில் (பந்தயம் இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், மலைப்பாதையாக இருந்தாலும் அதே நேரம்தான், சாதாரண வேலைக்குப் போகிற ஆட்கள்தான் அதை முடிக்கிறார்கள். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கி.மீ., 90 மணி நேரம், அதிலும் ஓயாத மேடு பள்ளம். மனித உடம்பு நாம் நினைப்பதைவிட நிறையத் தாங்கும் சகோ. இருட்டில் ஏறுவது தனி சுகம், வண்டி நடமாட்டம் இருக்காது, குளிர்ச்சியாக இருக்கும், மூச்சு சீராக வரும்.

கணவாய்க்காரன் எழுதியது:

சீக்கிரம் கிளம்புவதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் பிரெவே ஓட்டுகிறவர் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். இவர் மறுநாளும் ஏற வேண்டும், அதற்கு மறுநாளும். கூடாரம் போட வேண்டும், துணி துவைக்க வேண்டும், சமைக்க வேண்டும். பயணத்தில் ஒரு நாளின் செலவு மறுநாள் காலையில்தான் தெரியும்.

நீலச்சங்கிலி எழுதியது:

நேரத்தைப் பற்றி அண்ணன்மார் பேசிக்கொள்ளுங்கள், என் கண் அந்த 34, 32இல் நின்றுவிட்டது. தம்பி, உங்கள் பயணத்தில் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்த கியரை மாற்றுங்கள்.

உங்கள் ஏற்றங்கள் சராசரி 6 சதவீதம். சராசரி ஆறு என்றால் நடுவில் எட்டு, ஒன்பது கட்டாயம் வரும். எட்டு சதவீதத்தில் 150 வாட்டுக்கு உங்கள் வேகம் மணிக்கு 6 கி.மீ. அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். 34க்கு 32 என்றால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக உருளும். நிமிடத்துக்கு 45 சுற்று. அந்த மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலின் மீது முழுப் பாரத்தையும் இறக்கி ஐந்து மணி நேரம் மிதித்துப் பாருங்கள், மூன்றாம் நாள் மாடிப்படி இறங்கவே முடியாது. முன்னால் 26, பின்னால் 36 போட்டால் ஒரு சுற்றுக்கு 1.5 மீட்டர். அதே வேகம், அதே 150 வாட், ஆனால் நிமிடத்துக்கு 66 சுற்று. 22க்கு 36 என்றால் 78 சுற்று, அது இன்னும் இதம். வேலை ஒன்றுதான், மூட்டில் விழுகிற பாரம்தான் பிரிந்துபோகிறது.

கடையில் நிற்கும் பெரும்பாலான சைக்கிள்கள், பயணத்துக்கு என்று சொல்லி விற்பவைகூட, சுமை ஏற்றாத ஒருவரை மனதில் வைத்துத்தான் கியர் போட்டு வருகின்றன. 50/34 வேகமாக ஓட்டுகிறவருக்கு. 50ஐச் சுமையோடு எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள், இறக்கத்தில் மிதிக்கவா? முன்னால் 40/26 அல்லது 42/26 இருந்தாலே போதும், சமவெளியில் எந்தக் குறையும் தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். பின்னால் 36 போடும்போது உங்கள் டிரேலியர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிற கருவி) அத்தனை பெரிய பல்சக்கரத்தை ஏற்குமா, சங்கிலியின் நீளம் போதுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெரியதுக்குப் பெரியது போட்டால் சங்கிலி இழுத்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது.

இரவுவிளக்கு எழுதியது:

அக்கா, கொஞ்சம் எழுந்து நின்று மிதித்தால் 34/32 போதாதா? சுமையைக் குறைத்தால் கியர் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

நீலச்சங்கிலி எழுதியது:

நின்று மிதிப்பது இடுப்புக்கும் முதுகுக்கும் ஒரு மாற்று, அரை நிமிடம், ஒரு நிமிடம். பின்னால் இரண்டு பை, முன்னால் இரண்டு பை தொங்கும்போது எழுந்து நின்றால் சைக்கிள் பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஆடும், அதை அடக்குவதிலேயே கைகள் சோர்ந்துபோகும்.

சுமை விஷயத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள் சகோ. 110 கிலோவில் 5 கிலோ என்பது நாலரை சதவீதம். 5 மணி 20 நிமிட ஏற்றத்தில் அதற்கு விலை சுமார் கால் மணி நேரம். அவ்வளவுதான். அந்த ஐந்து கிலோவில் ஒரு நல்ல தூக்கப்பை, ஒரு மழைச்சட்டை, காய்ந்த மாற்றுத் துணி எல்லாம் அடங்கும். கால் மணி நேரத்துக்காக அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. தேவையில்லாததை எடுக்காதீர்கள், அது வேறு. ஆனால் எடையைக் குறைக்கப் படாத பாடு படுகிறவர்கள் பலர் கியரைக் கண்டுகொள்வதே இல்லை. 34இலிருந்து 26க்கு மாறுவது தருகிற நிம்மதியை எந்த எடைக் குறைப்பும் தராது.

மெதுமிதி எழுதியது:

நீலச்சங்கிலி சொல்வது நூறு வருடத்துக்கும் மேலான வழக்கு. பிரான்சில் சேந்த் எத்தியன் நகரில் பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார், வெலோசியோ என்ற பெயரில் எழுதினார், 1853இல் பிறந்து 1930இல் இறந்தவர். பல கியர் உள்ள சைக்கிள்தான் மலைக்கு ஏற்றது என்று ஊருக்குப் பக்கத்துக் கணவாயில் திரும்பத் திரும்ப ஏறிக் காட்டிக்கொண்டே இருந்தார். பந்தய உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியில் டிரேலியர் கியரை அனுமதித்ததே 1937இல்தான். அதுவரை பெரிய கியரை முக்கி மிதிப்பதுதான் ஆண்மை என்று ஒரு நினைப்பு. பசிக்கும் முன்பே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பதெல்லாம் அந்த மனிதர் பயணிகளுக்குச் சொல்லிவிட்டுப் போனவை. அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

இதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன், தம்பி கேட்கவில்லை என்றாலும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. 12 சதவீத ஏற்றத்தில் 110 கிலோவை 150 வாட்டில் மிதித்தால் மணிக்கு 4 கி.மீ. போவீர்கள். இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தால் மூன்று, மூன்றரை. அந்த வித்தியாசத்துக்காக நெஞ்சு வெடிக்க மிதிக்க வேண்டுமா? நடக்கும்போது வேறு தசைகள் வேலை செய்யும், உட்கார்ந்து மரத்துப்போன இடத்துக்கு ரத்தம் ஓடும், பாதம் நிமிரும். 1910இல் டூர் டி பிரான்ஸ் முதல் தடவையாக பிரனே மலையின் பெரிய கணவாய்களில் ஏறியபோது, 2115 மீட்டர் உயரத் தூர்மலேயை முதலில் தாண்டிய ஒக்தாவ் லபீஸ் பாதி மிதித்தும் பாதி நடந்தும்தான் மேலே போனார். அந்த வருடம் பட்டமும் அவருக்குத்தான்.

தள்ளுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடது கை ஹேண்டில்பாரில், வலது கை இருக்கையின் பின்பக்கம், உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, கையால் தள்ளாமல் உடம்பின் பாரத்தால் தள்ளுங்கள். நூறு அடிக்கு ஒரு தடவை இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்று மூச்சு வாங்குங்கள். மிதியில் மாட்டுகிற இரும்புக் கவ்வி அடியில் உள்ள காலணி போட்டிருந்தால் இதெல்லாம் வழுக்கும், அதனால்தான் பயணத்துக்கு நான் எப்போதும் சாதாரண அடிப்பாகம் உள்ள காலணியே போடுகிறேன்.

வளைவுகள் எழுதியது:

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அக்கா, கியர் மாற்றுவதற்குப் பேசிவிட்டேன். இரண்டு நாளாகப் பிரிப்பது பற்றி யோசிக்கிறேன், ஆனால் மனம் இன்னும் முழுசாக ஒப்பவில்லை. மொத்த 118 கி.மீ.யில் 40 கி.மீ. இறக்கம், கடைசி 18உம் கீழ்நோக்கித்தான். ஏறி முடித்துவிட்டால் அப்புறம் ஓய்வுதானே? இரண்டாவது உச்சியை எப்படியாவது பிடித்துவிட்டால் 38 கி.மீ. சும்மா உருண்டு போய்விடலாமே.

கணவாய்க்காரன் எழுதியது:

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும் தம்பி. இறக்கம் ஓய்வு என்று நினைக்கிறவர்கள்தான் இறக்கத்தில் விழுகிறார்கள். ஏற்றத்தில் களைத்தால் நின்றுவிடுவீர்கள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில் களைத்த தலையோடு ஒரு வளைவைத் தப்பாக எடைபோட்டால் அதைத் திருத்த இரண்டு நொடிதான் இருக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் உங்கள் இறங்குகிற பாணியே மாறிவிடும். 8 சதவீத இறக்கத்தில் உங்கள் 110 கிலோவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பிடித்துவைத்திருந்தால், காற்றும் டயரும் விழுங்குவது போக சுமார் 500 வாட் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது, நிற்காமல், இறங்கி முடிக்கும் வரை. 15 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஊர்ந்தால் சுமார் 300 வாட். 50 கி.மீ. வேகத்தில் விட்டாலும் அதே 300தான், ஏனென்றால் மிச்சத்தைக் காற்று வாங்கிக்கொள்கிறது. பிரேக்கைத் தொடாமலே விட்டால் 60ஐ ஒட்டி ஒரு வேகத்தில் அதுவாகவே நிலைத்துவிடும். ஆக பிரேக்குக்கு மிக மோசமான வேகம் அந்த நடுவேகம், 30, 35. பயந்தவர்கள் எல்லாரும் இயல்பாகப் பிடித்துவைக்கிற வேகமும் அதுவேதான்.

ஆகவே என்ன செய்வது? பாதை நேராக, கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை யாரும் இல்லாமல், தரை நன்றாக இருந்தால், கொஞ்சம் விடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், மார்பே ஒரு பிரேக். வளைவு வருவதற்கு நன்றாக முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, கையை விட்டுவிட்டு, வளைவில் பிரேக் இல்லாமல் போங்கள். அழுத்து, விடு, அழுத்து, விடு. விடுகிற அந்த இடைவெளியில்தான் வட்டு ஆறும். பாதை மோசமாகவோ ஈரமாகவோ இருந்தால் நேர் எதிர்ப்பக்கம் போங்கள், 15க்குக் கீழே, மெதுவாக, நடுநடுவே நின்று.

ரிம் பிரேக் என்றால் வெப்பம் நேராக ரிம்முக்குப் போகிறது. உள்ளே ட்யூப் காற்று விரிந்து, பழைய ஒட்டு இளகி, டயர் விளிம்பை விட்டுக் கழன்று வெடித்தவர்கள் உண்டு. டிஸ்க் என்றால் கட்டை பளபளத்துப் பிடிப்பு இழக்கும், எண்ணெய் பிரேக்கில் எண்ணெய் கொதித்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை வரும், சைக்கிள் நிற்காது. லீவர் வழக்கத்தைவிட உள்ளே வருகிறது என்று விரல் சொன்ன உடனே நின்றுவிடுங்கள். பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், சூடான வட்டு நெளியலாம்.

நீலச்சங்கிலி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு: கிளம்பும் முன் பிரேக் கட்டையின் கனத்தைப் பாருங்கள், அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் மாற்றிவிடுங்கள், ஒரே மழைநாள் இறக்கத்தில் முழுக் கட்டையும் தேய்ந்து இரும்பு தெரிகிற அளவுக்குப் போகும். ஒரு ஜோடி மாற்றுக் கட்டை பையில் கட்டாயம் இருக்கட்டும், தீக்குச்சிப் பெட்டி அளவுகூட இடம் எடுக்காது. ரிம் பிரேக்காக இருந்தால் மழையில் முதல் இரண்டு மூன்று சுற்று எதுவும் பிடிக்காது. கட்டை முதலில் தண்ணீரை வழிக்கும், அப்புறம் அந்தச் சாம்பல் நிறச் சேறு வழியும், அதற்கு அப்புறம்தான் கடிக்கும். அந்த மூன்று சுற்றுக்கு இடம் விட்டே எப்போதும் பிரேக் பிடிக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்று, சுமை மொத்தமும் பின்னால் மட்டும் இருந்தால் 45, 50 கி.மீ. வேகத்தில் சில சைக்கிள்களின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கும், கை வைத்திருக்கும்போதே ஹேண்டில்பார் இடமும் வலமும் படபடக்கும். அப்போது பதறி இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்காலையும் சட்டத்தின் மேல்குழாயோடு அணைத்து, பின்பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அடங்கிவிடும். அப்புறம் பாரத்தில் கொஞ்சத்தை முன்பைகளுக்கு மாற்றுங்கள், கனமானதை அடியில் வையுங்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

குளிரையும் சொல்லிவிடுங்கள் அக்கா. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். உச்சியில் 5 டிகிரி என்றால் 40 கி.மீ. வேகக் காற்றில் தோலுக்கு அது மைனஸ் ஒன்று மாதிரி. ஏறும்போது நனைந்த வியர்வைச் சட்டையோடு அப்படியே இறங்கினால் பத்தாவது நிமிடம் விரல் மடங்காது. விரல் மடங்காவிட்டால் பிரேக் இல்லை என்று அர்த்தம். நான் உச்சியில் நின்ற உடனே செய்கிற முதல் வேலை, சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுவது, அதன் மேல் காற்றுத் தடுக்கிற சட்டை, முழுவிரல் கையுறை. படம் எடுப்பதெல்லாம் அப்புறம்.

அந்தக் கடைசி 18 கி.மீ. பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நான் அண்ணன் கட்சி. பகலில் வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே வீசத் தொடங்கும். பிற்பகலில் அது பலமாக இருக்கும், இரவில்தான் திரும்பி மேலிருந்து கீழே வரும். நீங்கள் பிற்பகலில் ஆற்றோடு கீழே போனால் முழுக்க எதிர்காற்று. ஒன்று, ஒன்றரை சதவீத இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் நின்றேவிடும். நான்கு பையும் காற்றை நன்றாகவே பிடிக்கும். உருண்டு போகலாம் என்று நினைத்த 18 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அதே பாதையில் காலை ஏழு மணிக்குப் போனால் காற்று முதுகில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

வளைவுகள் எழுதியது:

எதிர்காற்று கணக்கில் வரவே இல்லை எனக்கு. சரி, இன்னும் மூன்று சின்னக் கேள்விகள், கோபப்படாமல் சொல்லுங்கள். ஒன்று, சாப்பாடு. இரண்டு, வரைபடச் செயலிகள் ஒன்று 2400 என்கிறது, இன்னொன்று 2750 என்கிறது, எதை நம்புவது? மூன்று, இரண்டாவது கணவாய் 2350 மீட்டர், அந்த உயரத்தில் மூச்சுத் திணறுமா?

மெதுமிதி எழுதியது:

சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன். 150 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 540 கிலோஜூல் வேலை. உடம்பின் திறன் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு என்பதால், செலவாகிற கலோரியும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான் வரும், மணிக்கு 540 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான். தீர்ந்துபோனால் திடீரென்று கால் கனக்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும், சின்ன மேட்டைப் பார்த்தாலே அழுகை வரும். அந்த நிலைக்குப் போய்விட்டால் சாப்பிட்டாலும் மீள அரை மணி நேரம் ஆகும். ஆகவே முதல் மணி நேரத்திலிருந்தே, பசி இருக்கிறதோ இல்லையோ, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வாய். ஹேண்டில்பார் பையில், ஒரு கையால் எடுக்கிற மாதிரி. பெரிய மதியச் சாப்பாடு போட்டுவிட்டு ஏற்றம் ஏறாதீர்கள், ரத்தம் வயிற்றுக்குப் போவதா தொடைக்குப் போவதா என்று உடம்பு திண்டாடும்.

கணவாய்க்காரன் எழுதியது:

செயலிகள் பெரும்பாலும் தரைமட்டத்தின் உயரப் பதிவை வைத்துக் கணக்கிடுகின்றன. குன்றைக் குடைந்து சுரங்கப்பாதை போனால் சில செயலிகள் நீங்கள் குன்றின் மேல் ஏறி இறங்கியதாகக் கூட்டிவிடும். பாலத்தில் போனால் பள்ளத்தில் இறங்கி ஏறியதாக எடுத்துக்கொள்ளும். செங்குத்துச் சரிவை வெட்டிப் போட்ட பாதையில் கோடு நாலு மீட்டர் நகர்ந்தாலே உயரம் மாறும், அந்தச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வரும். உங்கள் பாதையில் சுரங்கம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதையும் சேர்த்து. கணவாயின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழியுங்கள், அதுதான் நம்பத்தக்க எண்.

சராசரிச் சரிவையும் அப்படியே நம்ப வேண்டாம். 10 கி.மீ.க்கு 600 மீட்டர் என்றால் ஆறு சதவீதம். அதில் 3 கி.மீ. சமமாக இருந்தால் மிச்ச ஏழும் எட்டரைக்கு மேல். கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பிரித்துப் பார்த்து, கடினமான துண்டு எங்கே என்று ஹேண்டில்பாரில் ஒரு காகிதத்தில் ஒட்டிவையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கம் மிகச் செங்குத்து, எதிரே வண்டி வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் விலகி ஏறுங்கள்.

உயரம் பற்றி, 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஆகவே 2350இல் மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும், வேகம் குறையும், அதைக் கணக்கில் வையுங்கள். மலைநோய் பெரும்பாலும் 2500க்கு மேல் தங்கும்போதுதான் தலைகாட்டும். நீங்கள் மேலே போய்க் கீழே வந்து தூங்குகிறீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு 3000க்கு மேல் தங்குகிற பயணம் போனால், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

வளைவுகள் எழுதியது:

இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் நாள் ஐந்தரைக்குக் கிளம்பி முதல் கணவாய், இறங்கி 58ஆவது கி.மீ.யில் இரண்டாவதன் அடிவாரத்தில் தங்கல், மதியத்துக்குள். மறுநாள் ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கி, ஒன்பது மணிக்கு உச்சி, பதினொன்றுக்குள் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடுகிறேன். கியர் 40/26, பின்னால் 36. இரண்டாவது இறக்கத்தில் 600 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று போட்டிருக்கிறார்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

நல்ல திட்டம் சகோ. மூன்றரை மணிக்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன், முதல் மலைப்பயணத்துக்கு இதுதான் சரி. சுரங்கத்துக்கு முன்னால் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்விளக்கு பின்விளக்கு இரண்டையும் போட்டு, பிரதிபலிக்கும் மேல்சட்டை மாட்டிக்கொண்டு நுழையுங்கள். வெளியே வெயிலிலிருந்து உள்ளே போகும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும், இறக்கத்தில் அந்த நொடிகளில் நிறைய தூரம் போய்விடுவீர்கள், ஆகவே வாயிலிலேயே வேகத்தை 20க்குக் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே தரை ஈரமாக இருக்கும், வெளியே மழை பெய்யாவிட்டாலும்.

நீலச்சங்கிலி எழுதியது:

பின்விளக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஒன்று சைக்கிளில், ஒன்று தலைக்கவசத்தில். கேரியரில் கட்டிய கூடாரப்பை முதல் விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி பின்னால் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புது கியர் போட்ட பிறகு சுமையோடு ஒரு மேட்டில் ஏறிப் பார்த்து, பெரிய பல்லுக்குச் சங்கிலி தயங்காமல் ஏறுகிறதா என்று சொல்லுங்கள். ஏறாவிட்டால் எழுதுங்கள், சரி செய்துவிடலாம்.